ஏழாவது அடி மெஷினுக்கு

இரண்டு முழங்காலையும் தரையில் ஊன்றி, வலது காதை வாஷிங் மெஷினின் பக்கவாட்டில் அப்பிக்கொண்டு, இடது கையை உயர்த்தி எல்லோரையும் வாய்மூடச் சொல்வார். மூடித்தான் ஆகவேண்டும். வீட்டுக்காரர் கோளாறை விவரிக்க வந்தால், "நீங்க சொல்லாதீங்க, அது சொல்லட்டும்" என்பார். அரை நிமிடத்தில் எழுந்து, "மோட்டார் நல்லாருக்கு, பெல்ட் தளர்ந்துருச்சு, உள்ள ஒரு சட்டைப் பட்டன் கெடக்கு" என்று பட்டியல் போடுவார். திறந்து பார்த்தால் பட்டன் கிடக்கும்.

எங்கள் மெக்கானிக்குக் காதுதான் முதல் கருவி. அதைத் தீட்டியது மெஷின்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஜாஸையும் ராக்கையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கிய ஃப்யூஷன் இசைதான் தீட்டியது. அதிலும் பேஸ் கிதார். பாட்டுக் கேட்கிற நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்கு அப்படியொரு வாத்தியம் அடியில் முனகுவதே தெரியாது. இவர் அதை மட்டும்தான் கேட்பார். மற்ற வாத்தியங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், "மேல இருக்கறதெல்லாம் பெயின்ட் சார். சுவரு கீழதான் இருக்கு" என்று முடித்துவிடுவார்.

அந்தச் சுவரைக் கட்டத் தெரிந்தவர் என்று உலகத்தில் ஒரே ஒருவரைத்தான் ஒப்புக்கொள்வார். பெயர் சொல்லமாட்டார், "பெரியவர்" என்பார். நேரில் பார்த்தது கிடையாது. பதினொரு வருடத்துக்கு முன் பெரியவர் எங்கோ தூரதேசத்தில் காலமானபோது, இவர் கடைக்கதவில் "துக்கம்" என்று ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். சாயங்காலம் வாடிக்கையாளர்கள் ஏழெட்டுப் பேர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுவாசலில் வந்து நிற்க, ஒன்றும் தெரியாத அவர் மனைவி, "யாருங்க போயிட்டா?" என்று அவர்களையே கேட்டிருக்கிறார்.

"உங்க வீட்டுக்காரரோட அண்ணன்னு சொன்னாங்களே…"

"அவருக்கு அண்ணனே கெடையாதே!"

பெரியவரின் இசைத்தட்டு சுழல ஆரம்பித்தால் மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிடுவார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குத் திருகாணிக்கும் பூசணிக்காய்க்கும் வித்தியாசம் தெரியாது. "கண்ணுக்கு வேலை குடுத்தா காது சோம்பேறியாயிடும் சார்." வேறு யார் வாசித்தும் அந்தக் கண்ணாடி மூக்கைவிட்டு இறங்கி நான் பார்த்ததில்லை.

மற்றவர்களைக் கண்ணாடியோடுதான் பார்ப்பார். ஆமாம், பார்ப்பார். ஃபோனில் எந்நேரமும் யாராவது ஒரு பொடிசு தன் உயரத்துக்கு ஒரு கிதாரை மாட்டிக்கொண்டு பொரிந்து தள்ளிக்கொண்டிருக்கும். குழந்தை மேதைகள். லட்சம் பேர் கைதட்டியிருப்பார்கள். இவர் உதட்டைப் பிதுக்குவார். "இவனுக்கு வயசு ஒம்பது. விரல் பதினெட்டு இருக்கும்போல." அடுத்ததைத் தள்ளுவார். "இதுக்கு யாராவது தண்ணி குடுங்கப்பா, மூச்சே விடமாட்டேங்குது." எதற்கு இந்த வயிற்றெரிச்சல் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "பெரியவரு நாலு அடி வாசிச்சா ஒரு அடி சும்மா இருப்பாரு சார். அந்தச் சும்மா இருக்கறது இருக்கே, அத ஒருத்தனும் கத்துக்கல" என்றார்.

அவர் மனைவிதான் எனக்கு விஷயத்தை உடைத்துச் சொன்னார். "குறை சொல்றதுக்கா ஒரு மனுஷன் தெனம் மூணு மணி நேரம் தேடுவாரு? அந்தப் பெரியவரோட எல்லாம் முடிஞ்சுபோச்சோன்னு பயம் இவருக்கு. யாராச்சும் ஒருத்தர் கெடைச்சா போதும்னு இருக்காரு. வாய்தான் ஒத்துக்காது." கேட்டதும் எனக்குப் பாவமாகப் போய்விட்டது. அப்புறம் நான் அவரைக் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொண்டேன்.

இனி என் சங்கடம். நான் வீட்டிலிருந்தே அச்சுப்பிழை திருத்துகிறவன். தலைக்குமேல் மாடிவீட்டு வாஷிங் மெஷின். மூன்று மாதமாக அது ஓடும்போதெல்லாம் என் மேசை ஆடுகிறது. ஒரு பிழையைத் திருத்தப்போய் இரண்டு பிழை செய்கிறேன். பொறுக்கமாட்டாமல் மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். என் அறையில் நின்று மேலே அண்ணாந்து கேட்டார். "பேரிங் போச்சு." மெஷினைக் கண்ணால் பார்க்காமலே சொல்லிவிட்டார். கடைக்குப் போய்ப் புதுப் பேரிங்கை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். அவருக்குத் தோள்வலி என்பதால் பையை நான்தான் மாடிக்குத் தூக்கினேன்.

அந்த வீட்டம்மா நர்ஸ். கதவைத் திறந்ததும் அழாத குறையாகச் சொன்னார்: "மெஷின் ஆடறதுகூடப் பரவால்ல சார். என் பொண்ணு தொவைச்ச துணியவே திரும்பத் திரும்பப் போட்டுத் தொவைக்கிறா. யூனிஃபார்ம் வெளுத்து வேற ஸ்கூல் யூனிஃபார்ம் ஆயிருச்சு."

மெக்கானிக் மெஷினை ஓடவிட்டுக் காதை வைத்தார். தடதடவென்று ஆறு, பிறகு ஒரு 'டொம்'. மறுபடி ஆறு, ஒரு 'டொம்'. "ஏழு" என்று முணுமுணுத்தார். அப்போது பக்கத்து அறையின் மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து பேஸ் கிதார் சேர்ந்துகொண்டது. அடப்பாவமே, மூன்று மாதமாக நான் திட்டியதில் பாதி இசையையா! மெக்கானிக்கின் காது மெஷினைவிட்டு மெல்லக் கழன்று கதவுப்பக்கம் திரும்பியது. ஆறு அடிக்கும் கிதார் நடந்தது. ஏழாவதில் நின்றது. 'டொம்' என்றது மெஷின். கிதார் மறுபடி நடந்தது.

மெஷினை அணைத்தார். கதவு படாரென்று திறந்தது. பதிமூன்று வயதிருக்கும், முழங்கால்வரை தொங்கும் கிதாரோடு நின்ற பெண், அவர் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்துக் கத்தினாள்.

"அங்கிள், அதச் சரி பண்ணிடாதீங்க ப்ளீஸ்! நல்ல மெஷினெல்லாம் சும்மா உர்ருன்னுதான் ஓடும்."

மெக்கானிக் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "ஏழாவது அடிய நீ ஏம்மா வாசிக்கல?"

"அதான் அது வாசிக்குதே அங்கிள். நான் வேற எதுக்கு?"

அவர் ஸ்பேனரைச் சட்டென்று பையில் போட்டார்.

"மாத்தற பார்ட்டக் கொண்டாந்திருக்கீங்கல்ல? இன்னிக்கே மாத்திடலாமா சார்?" என்றார் நர்ஸ்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். உதிரிபாக விஷயத்தில் இந்த மனிதர் பொய் சொன்னதே கிடையாது. "இருக்கறத இல்லேன்னா கை வெளங்காது சார்" என்று என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார். அந்த நம்பிக்கையில் நான், "பையிலயே…" என்று ஆரம்பித்தேன். என் கால்விரலை அழுத்தி மிதித்தார்.

"பார்ட் வரணும்மா," என்றார். "பத்து நாள் ஆகும்."

பத்து நாள்! என் மேசை என்ன கதி ஆவது? நான் வாயைத் திறப்பதற்குள் அவரே மெஷினைத் திரும்பவும் ஓடவிட்டார். பெண் கதவை மூடாமல் உள்ளே ஓடினாள். மெக்கானிக் பேரிங் இருந்த பையைக் காலால் தன் முதுகுப்பக்கம் தள்ளி, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.