ஏணி ஏறிப் பார்த்துச் சொல்வது

குர்லா ஸ்டேஷன் வாசலில் வடாபாவ் விற்பவர், நான் வாய் திறக்கும் முன்பே பொட்டலத்தை நீட்டிவிடுவார். வந்த புதிதில், வேறு யாருக்கோ கட்டியதை எனக்குத் தருகிறாரோ என்று தயங்கி நிற்பேன். பின்னால் நிற்பவர் முறைப்பார். எங்கள் தென்காசிப் பக்கம் கடைக்காரர் முதலில் சௌக்கியம் விசாரிப்பார், பசி அப்புறம்தான். இங்கே பாவ் ரொட்டியைக் கீறிச் சட்னி தடவி முன்கூட்டியே அடுக்கியிருக்கிறார்கள். வடை மட்டும் அப்போதுதான் எண்ணெயிலிருந்து வருகிறது. எதைத் தயாராக வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்பது இந்த ஊருக்குக் கைவந்த கலை. கணினி படித்த எனக்குத்தான் அது தாமதமாகப் புரிந்தது.

தாராவியில் மும்தாஜ் தோல்பை பட்டறை நடத்துகிறாள். மேலப்பாளையத்துக் குடும்பம், என்னைவிட நாலைந்து வயது இளையவள். அவள் பைகளை இணையத்தில் விற்க நான்தான் தளம் கட்டிக்கொடுத்தேன். பக்கம் திறப்பதோ ஆமை வேகம். "அண்ணே, கஸ்டமர் சாயா குடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டேதான் இருக்கு" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கேஷிங் போட்டேன். ஒருமுறை தேடியெடுத்த பதிலைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அடுத்துக் கேட்பவருக்கும் அதையே நீட்டுகிற ஏற்பாடு அது. படம், விலை, இருப்பு எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்துக்கு அப்படி வைத்தேன். பக்கம் பறந்தது. நானும் கொஞ்சம் பறந்தேன்.

மறுநாளே, கையிருப்பில் இருந்த ஒரே மாதுளை நிறப் பையை இரண்டு பேர் வாங்கியிருந்தார்கள். முதலாமவர் வாங்கிய பிறகும் தளம் பழைய பதிலையே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இரண்டாவதாக வாங்கிய டோம்பிவிலிப் பெண்மணிக்கு மும்தாஜ் போன் செய்து இந்தியில் மன்னிப்புக் கேட்டாள். 'அந்தத் தோலில் ஒன்றுதான் இருந்தது' என்றதை, விலை ஏற்றும் தந்திரமாக எடுத்துக்கொண்டு அந்த அம்மா வெடித்தார். போனை வைத்தபோது மும்தாஜின் முகம் சுண்டிப்போயிருந்தது.

"இருக்குன்னு சொன்னா இருக்கணும்ணே. வாப்பா காலத்துலேருந்து அந்தப் பேச்ச வச்சுத்தான் பொழைக்கோம். இன்னொருவாட்டி ஆச்சுன்னா சைட்ட பந்த் பண்ணிருவேன்."

நான் தலைகுனிந்து நிற்கும்போதே வாசலில் ஒருவர் பெல்ட்டின் விலை கேட்டார். கத்தரியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். கறுப்பில் இருக்கிறதா என்றார். காலையில் அவளே அடுக்கியதை நான் பார்த்திருந்தேன். இருந்தும் எழுந்து, ஏணி ஏறி, மாலா என்று இங்கே சொல்கிற மேல்தட்டில் பார்த்துவிட்டு இறங்கிய பிறகுதான், இருக்கிறது என்பதற்கு இந்தியில் "ஹை" என்றாள். அசந்துபோனேன். எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை. அன்றே படத்தையும் விலையையும் மட்டும் கேஷில் விட்டு, விலையை அவள் மாற்றினால் பழையது அழியும்படி செய்தேன். இருப்பை மட்டும் தளம் ஒவ்வொரு முறையும் ஏணி ஏறிப் பார்த்துத்தான் சொல்லும்.

திலக் நகரில் என் வீட்டுக்கு வந்தால், ஊரிலிருந்து அம்மா அனுப்பிய தீபாவளிச் சட்டை வந்திருந்தது. பிரிக்காமலே "கனகச்சிதம்மா" என்று சொல்வது என் வருடாந்திர வழக்கம். அன்று போட்டுப் பார்த்தேன். ஒரு கைக்கு மேல் ஏறவில்லை.

போனில் சொன்னதும், "பத்தலையா? நீ ஊரவிட்டுப் போகும்போது இருந்த அளவுலல்லாய்யா எடுக்கேன்" என்றாள். குரல் தெளிவாகக் கேட்டது. ஊரில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினால்தான் சிக்னல் கிடைத்து அப்படிக் கேட்கும்.

"மாடியில நிக்கியாம்மா?"

"இது புதுப் போனுய்யா. மாடி ஏறி ஒரு வருசமாச்சு, முட்டு மடங்கல. நீ கேக்கலையே."

ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றுகொண்டிருந்தேன்.