அத்தையை நிறுத்த அப்பா பட்ட பாடு

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு போர் நடந்தது. ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் அவருடைய அக்கா. இது போர் என்று தெரிந்ததாகவே அத்தை காட்டிக்கொள்ளவில்லை. அப்பாவுக்கு அதுதான் பெரிய எரிச்சல்.

நாங்கள் டாலிகஞ்சில் ஒரு மாடிவீட்டில் குடியிருந்தோம். அம்மா இறந்த பிறகு, ஹவுராவில் டீச்சராக இருந்த அத்தை ஹாஸ்டல் அறையைக் காலி செய்துவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தாள். கூடவே ஒரு பைபிளும் வந்தது. அதற்கு முந்தின வருஷமே அவள் ஞானஸ்நானம் பெற்றுவிட்டாள் என்பது அன்றைக்குத்தான் அப்பாவுக்குத் தெரிந்தது. “இந்த வீட்டுல இதெல்லாம் நடக்காதுக்கா” என்றார். அத்தை அவருக்குக் காபி ஆற்றிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்குச் சேலை மாற்றிக்கொண்டு கோயிலுக்கு, அதாவது தமிழ் சர்ச்சுக்கு, கிளம்பிவிட்டாள்.

அப்பா முதலில் பைபிளைப் பரண்மேல் போட்டார். அத்தை தேடவே இல்லை. மறுநாள் காலை தேங்காய் துருவிக்கொண்டே பைபிள் சங்கீதங்களை மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தாள். கடைசி பெஞ்சுக்கும் கேட்க வேண்டிய டீச்சர் குரல் அது. மூன்றாம் நாள் நான் காகிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அம்மா மேலே வந்து, உங்கள் வீட்டில் என்ன பூஜை, பிரசாதம் உண்டா என்று விசாரித்தாள். நான்காம் நாள் அப்பாவே பைபிளை இறக்கித் தூசி தட்டி மேஜையில் வைத்தார். “இந்தா, மனசுக்குள்ளயே வாசி.”

அடுத்து, பெரியப்பாவை ஒவ்வொரு ஞாயிறும் காலை எட்டு மணிக்குச் சாப்பிட அழைத்தார். அவர் லேக் மார்க்கெட்டில் அப்பளக் கடை வைத்திருந்தார். விருந்தாளி வந்தால் அக்கா எப்படி வெளியே போவாள், போனாலும் அவர் கண்டிப்பார் என்பது அப்பாவின் கணக்கு. அத்தை விடியுமுன் எழுந்து இட்லி அவித்து, சாம்பார் வைத்து, வடைக்கு மாவும் ஆட்டி வைத்துவிட்டுப் போய்விட்டாள். வடை சுடுவது அப்பாவின் பொறுப்பாயிற்று. பெரியப்பா ஒன்றைப் பிட்டுப் பார்த்து, “உள்ள வேகவே இல்லையேடே. அக்காவ எங்க?” என்றார். அத்தையைக் கண்டிக்க வந்தவர் சாம்பாரை மூன்று முறை கேட்டு வாங்கினார். அதன்பிறகு அழைக்காமலே வந்தார். இரண்டு மாதத்தில் அப்பா வடையில் நடு ஓட்டை போடுமளவுக்குத் தேறிவிட்டார்.

ஒருநாள் மட்டும் வீட்டில் சிரிப்பில்லை. “நானா, கோயிலான்னு இன்னைக்கே சொல்லிரு” என்று அப்பா கத்தினார். அத்தை என் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“போகச் சொன்னா போயிருதேன் தம்பி. பக்கத்துலயே ஒரு ரூம் பாத்துக்கிட்டு, காலைல வந்து பிள்ளைக்குச் சோறாக்கி வச்சிட்டுப் போறேன். ஆண்டவர விடச் சொல்லாத, என்னால முடியாது.”

அப்பா செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். போகச் சொல்லவில்லை.

மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு தெருவெல்லாம் முழங்காலளவு தண்ணீர். பெரியப்பாகூட வரவில்லை. தன்னால் முடியாததை மழை முடித்துவிட்டது என்று அப்பா உற்சாகமாக இருந்தார். அத்தை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். பத்தடியில் தடுமாறினாள். “குழியில விழுந்து சாகப் போறா!” என்று அப்பா குடையை எடுத்தார். என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். வழி நெடுக அவளைத் திட்டினார். வழி நெடுக அவள் தலைக்குக் குடை பிடித்தார். பாதி வழியில் அவருடைய ஒரு செருப்பு தண்ணீரோடு போயிற்று.

கோயில் வாசலில் என்னை இறக்கிவிட்டுத் திரும்பப் பார்த்தார். அதற்குள் பாஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “டீச்சரம்மா தம்பிதானே? வாங்க, வாங்க. உங்களுக்காகத்தான் வாராவாரம் ஜெபம் பண்ணுதோம்!”

மழையைப் பொருட்படுத்தாமல் வந்திருந்த ஒன்பது பேரும் அப்பாவிடம் தனித்தனியாக நலம் விசாரித்தார்கள். ஒற்றைச் செருப்போடு எங்கே ஓடுவது? கைகளைக் கட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் முன்னால் அத்தை பக்கத்தில் இருந்தேன். ஜெப வேளையில் அத்தை எழுந்து அப்பாவுக்காக வேண்டினாள். தகரக் கூரைமேல் மழை கொட்டியதில் பின்னால் ஒன்றும் கேட்டிருக்காது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை அடுக்களைக்குள் போனாள். அப்பா என்னைப் பால்கனிக்கு இழுத்துப்போனார்.

“நான் மனசு மாறணும்னுதான வேண்டுனா?”

“இல்லப்பா. அம்மா போனதுல இருந்து உங்களுக்கு ராத்திரி தூக்கமே இல்லையாம், தூக்கம் வரணும்னு.”

“வேற?”

“வேற ஒண்ணும் கேக்கல. அழுதாங்க.”

அப்பா தெருத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் தூங்கப் போகும்போது அவர் படுத்திருப்பார்; விழிக்கும்போதும் படுத்தேதான் இருப்பார். அவரைவிட நன்றாகத் தூங்குகிற ஆள் உண்டா? அத்தை கோயிலில் போய்ப் பொய் சொல்லிவிட்டாளே என்று எனக்கு ஒரே வருத்தம். அப்பாவைச் சமாதானப்படுத்த நினைத்து, “அத்தைக்குத் தெரியாதுப்பா. நீங்க நல்லாத்தான் தூங்குதீங்க” என்றேன்.

“ஆமாட்டி” என்று சொல்லிவிட்டு, அப்பா முகம் கழுவப் போனார்.