அக்காவின் சிவப்புப் போத்தல்

“அக்காவின்ர நினைவு மலரில் பகையை எழுதாதே பிள்ளை, நல்லதை மட்டும் எழுது” என்றார் மாமா. மாமாவின் சொல்லை நான் தட்டுவதில்லை. ஆனால் அக்கா செய்த நல்லதை எழுத உட்கார்ந்தால் எங்கள் தொடர்மாடிச் சங்கத்தின் தலைவர் குறுக்கே வந்து நிற்கிறார். ஆகவே அவரையும் எழுதுகிறேன். மாமா பொறுத்தருள வேண்டும்.

அக்கா கொட்டாஞ்சேனையில், துறைமுக எழுதுவினைஞர் ஒருவரின் மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா கண்மூடியபோது நான் பள்ளிக்கூடச் சிறுமி. விஞ்ஞான ஆசிரியையாகி என்னைப் படிப்பித்து ஆளாக்கியவர் அக்கா. திருமணம் செய்துகொள்ளவில்லை. அது அவருடைய விருப்பம். எவரும் உச்சுக்கொட்ட வேண்டாம். மீன் குழம்பில் புளி கூடினால் அன்று முழுவதும் என்னோடு கதைக்கமாட்டார், அவ்வளவு கோபக்காரி. ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் இருவரும் இந்தத் தொடர்மாடியின் கடைசித் தளத்துக்கு வந்தோம்.

கட்டடம் முழுவதற்கும் கூரையில் ஒரே தண்ணீர்த் தாங்கி. மத்தியானம் தாண்டுமுன் அது வற்றிவிடும். எல்லாரும் எல்லாரையும் திட்டினார்கள். அக்கா திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ்மண்டபத்தில் தாய்மாரையும் பிள்ளைகளையும் கூட்டி, தண்ணீர் எப்படிக் களவு போகிறது என்று பாடம் நடத்தினார். பிறகு கேசரிக்குப் போடும் சிவப்புக் கலரிங் போத்தலை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். கக்கூசில் கொமட்டின் பின்னால் இருக்கும் சின்னத் தாங்கிக்குள் சில துளி விடுவார். “இனி ஒருத்தரும் ஃபிளஷை அமத்தக் கூடாது. தேத்தண்ணியைக் குடியுங்கோ, தண்ணி தானே சாட்சி சொல்லும்” என்பார். அமத்தாமலே கீழே சிவப்பு இறங்கினால் உள்ளே வாஷர் தேய்ந்து, இரவு பகலாகத் தண்ணீர் ஒழுகுகிறது என்று அர்த்தம். வாஷரையும் அவரே மாற்றப் பழக்கிவிடுவார்.

திறக்காத கதவு ஒன்றே ஒன்று. கீழ்த்தளத்தில், தலைவருடைய கதவு.

அதோடு விட்டாரா மனிதர்? சங்கக் கூட்டத்தில் எழும்பி நின்று, “பிள்ளை குட்டி இல்லாதவவுக்குப் பொழுது போகோணுமே! அதுதான் அயலட்டைக் கக்கூசுக்குள்ள எட்டிப் பாக்கிறா” என்றார். மண்டபம் சிரித்தது. அக்காவின் கையால் வாஷர் மாற்றியவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. வட்டியோடு திருப்பிக் கொடுப்பேன் என்று அன்றே மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அடுத்து ஒரு தண்ணீர்ப் பாதுகாப்பு விழா வந்தது. சிவப்புத் துளித் திட்டம் தன்னுடைய மூளையில் உதித்தது என்று சொல்லி மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டவர் அதே தலைவர். அக்கா பார்வையாளர் வரிசையில் இருந்து கைதட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏனக்கா தட்டின நீங்க?”

“பிள்ளையள் வடிவாப் பாடினவை. அதுக்குத் தட்டினனான். நீ வாயை மூடிக்கொண்டு வா.”

நோய் வந்த பிறகு அக்கா கேட்டது ஒன்றைத்தான். “ஒருக்காத் தலைக்கு வார்க்கவேணும் போல கிடக்கு.” பின்னேரத்தில்தான் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வரும். பின்னேரத்தில் எங்கள் குழாயில் காற்றுத்தான் வரும். நான் கீழே வீதிக் குழாயிலிருந்து சுமந்து வந்த வாளித் தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டேன். தண்ணீர் தாராளமாக அவர் தலையில் விழுந்தது, பிரேதத்தைக் குளிப்பாட்டிய அன்றுதான். அதுவும் அயலவர்கள் வாளிவாளியாய்ச் சுமந்து வந்த தண்ணீர்.

பெட்டியைப் படிக்கட்டால் ஏற்ற முடியாததால் அக்காவைக் கீழ்மண்டபத்திலேயே வைத்தோம். செத்தவீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பக்கத்து வீட்டார் தங்கள் குளியலறையைத் திறந்துவிடுவது எங்கள் வழக்கம். அன்று காலை தலைவருக்கும் வேறு வழியில்லை. ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறதே! “தயங்காமப் போங்கோ தங்கச்சி” என்று கதவை அகலத் திறந்தார். நான் தயங்கவில்லை. அக்காவின் கைப்பையில் இருந்த போத்தலோடு உள்ளே போனேன். தேத்தண்ணீர் குடிக்கும் நேரம்கூடத் தேவைப்படவில்லை. பார்த்துக்கொண்டு நிற்கவே சிவப்பு ஓடி இறங்கியது. கதவைச் சாத்திக்கொண்டு வந்து அக்காவின் தலைமாட்டில் இருந்தேன்.

தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். “அன்னார் என்னுடைய தண்ணீர்த் திட்டத்துக்குச் சிறு சிறு உதவிகள் செய்தவர்...” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கையில் அவர் மனைவி அலறியடித்து ஓடி வந்தார்.

“இஞ்சாருங்கோ! கொமட்டுக்குள்ள ரத்தம்! ஆரோ ரத்தம் ரத்தமாப் போயிருக்கினம்!”

இரண்டாம் மாடியில் இருக்கும் முஸ்லிம் சகோதரி, நாங்கள் ராத்தா என்று கூப்பிடுகிறவர், எழும்பினார். “அது ரத்தமில்ல புள்ள, டீச்சர்ட செவப்பு! தண்ணியெல்லாம் எங்க போனதுன்டு இப்ப வெளங்குது.”

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. பிரேதத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்கள்; எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. தலைவர் ஒலிவாங்கியை வைத்துவிட்டு உள்ளே போனார். அக்காவின் பெட்டி புறப்பட்ட பிறகும் அவர் வெளியே வரவில்லை.

மறுநாளே அவர் வீட்டில் வாஷர் மாறியது. இப்போது பின்னேரத்திலும் எங்கள் குழாயில் தண்ணீர் வருகிறது. அது விழும் சத்தம் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. அக்கா தலைக்கு வார்க்கக் கேட்டது இந்தத் தண்ணீரைத்தான். இதை நான் மன்னிக்கமாட்டேன், மாமா.

அக்காவை நோயில் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், தண்ணீர் சுமந்த அயலவர்களுக்கும், ராத்தாவுக்கும், மலர் அச்சிட உதவிய மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. குளியலறையைத் திறந்துவிட்ட தலைவருக்கும் மனமார்ந்த நன்றி.

மலரோடு வீட்டுக்கு ஒரு சிவப்புப் போத்தல் தருகிறோம். தலைவர் வீட்டில் குளியலறை இரண்டு. மற்றதை இன்னும் ஒருவரும் சோதிக்கவில்லை. அவருடைய போத்தலை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். தேத்தண்ணீர் குடித்துவிட்டுத்தான் திரும்புவேன்.

தங்கை