செல்வியின் டில்லருக்குப் பெரிய புல்லி

போன புதன்கிழமை சாயங்காலம் நான் ஏரிக்கரை மேட்டில் ஒரு பவர் டில்லரைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தேன். காலில் புதுச் செருப்பு வேறு. ஒன்றின் வார் அங்கேயே அறுந்து போயிற்று.

பவர் டில்லர் தெரியும்தானே? தோட்டம் உழுகிற குட்டி டிராக்டர். முன்னால் எஞ்சின், பிடித்து ஓட்ட நீளமாக ஹேண்டில். பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டினால் காய்கறி வண்டி. அடி அண்ணாமலையில் என் நாத்தனார் செல்வியிடம் இருப்பது ரொம்பப் பழசு. ரோட்டில் அது போகும் அழகைப் பார்த்து, கிரிவலம் போகிறவர்களே முந்திப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள்.

செல்வி எம்.காம். படித்தவள். கம்பெனி வேலையை விட்டுவிட்டு, என் மாமனார் விட்டுப்போன ஒன்றரை ஏக்கரில் கீரை, வெண்டை, கத்தரி என்று போட்டிருக்கிறாள். நிலம் அவளுக்கும் அவள் அண்ணனுக்கும் பொது. அண்ணன் என்றால் என் வீட்டுக்காரர்தான்.

எங்கள் ஊரில் ரோட்டை ஒட்டி நிலம் இருந்தால் ஒரு தொல்லை உண்டு. பவுர்ணமிக்கு வருகிறவர்களின் கார் நிறுத்த வாடகைக்குக் கேட்டு வந்துவிடுவார்கள். என் கணவருக்கும் சபலம் தட்டிவிட்டது. "வெயில்ல காயறதுக்குப் பதிலா, நிலத்தைக் கட்டாந்தரையா அடிச்சு விட்டுட்டா உட்கார்ந்து சாப்பிடலாமே" என்றார். அன்று செல்வி இரண்டு வேளை சாப்பிடவில்லை.

அவளுக்கு இருந்த ஒரே பிடி, வேங்கிக்கால் ஆபீஸ் பெண்கள். வாரத்தில் இரண்டு நாள், ஆபீஸ் விடும் ஐந்தே முக்காலுக்கு வாசலில் காய் வந்து நின்றால் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். காலையில் கொண்டுபோனால் கீரை மேஜைக்கடியில் கிடந்து வாடும். மதியம் பறித்தால் வழியிலேயே வாடும். மூன்றரைக்கு மேல் பறித்து, கட்டி, கிளம்பினால்தான் சரி. ஆனால் அந்த ஆமை வண்டி போய்ச் சேரும்போது அவர்கள் பஸ் ஏறியிருப்பார்கள். இரண்டு தடவை அப்படியே ஆயிற்று. அடுத்த தடவையும் தவறினால் நிலம் பார்க்கிங்குக்குத்தான் என்று என் கணவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"வேகத்தை ஏத்திட்டா போச்சு, அண்ணி!" என்றாள் செல்வி. மெக்கானிக் ரஹீம் பாயிடம் போனோம்.

பாய் விளக்கினார். எஞ்சினில் பெல்ட் சுற்றும் புல்லிச் சக்கரத்தைப் பெரிதாக மாற்றினால் வண்டி வேகமாக ஓடும். "ஆனா வேகம் ஜாஸ்தி ஆனா இழுவை கம்மி ஆயிடும்மா. ஏர் ஓட்டறப்போ பழசையே மாட்டிக்கோங்க."

சரி என்றோம். பார்த்தால், இரண்டு நாளாக அவர் புல்லியைத் தொடவே இல்லை. பிரேக்கைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பாய், நாங்க வந்தது வேகத்துக்கு."

"தெரியும்மா. நிக்கத் தெரியாத வண்டியை ஓட விட்டா, அடுத்த தபா எங்கிட்ட வராது. நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடும்."

மூன்றாம் நாள் பெரிய புல்லி ஏறியது. செல்வி ஒரு சுற்று ஓட்டிக் காட்டினாள். பழைய வேகத்தைப் போல இரண்டு மடங்கு… அவள் முகத்தை அன்றைக்கு நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

புதன்கிழமை வந்தது. பவுர்ணமி அன்று ரோட்டில் வண்டி விடமாட்டார்கள் அல்லவா? அதைப் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. காலண்டரில் முழு நிலா வியாழக்கிழமைக் கட்டத்தில் இருந்தது. "நாளைக்குத்தான், தைரியமா கிளம்பு" என்றேன். எங்கிருந்தோ வருகிறவர்கள் எல்லாம் திதி எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று போனில் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். உள்ளூர்க்காரி நான் நிலாப் படத்தைப் பார்த்ததோடு சரி.

ரோட்டுக்கு வந்தால், தடுப்பு. அதற்கு அப்பால் தலைகள்… தலைகள்!

"அக்கா, திதி மூணு மணிக்கே ஆரம்பிச்சாச்சு. வண்டி விட முடியாது" என்றது அந்தப் போலீஸ்காரப் பெண். பாவம், சிரித்துக்கொண்டேதான் சொன்னது.

செல்வி டிரெய்லரில் குவிந்திருந்த கீரைக்கட்டுகளைப் பார்த்தாள். எனக்கு அங்கேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஏரிக்கரை மேல சுத்திக்கினு போலாம். கெட்டியா பிடிச்சுக்கோங்க, அண்ணி" என்றாள் கடைசியில்.

சுற்று வழி என்றால் கிட்டத்தட்ட இரட்டைத் தூரம். பழைய வண்டியாக இருந்தால் நினைத்துப் பார்க்கவே முடியாது. இப்போது பறந்தது. வரப்போரப் பனைகள் மடமடவென்று பின்னால் போயின. ஏரிக்கரை மேட்டில் பாய் சொன்ன 'இழுவை கம்மி' வேலையைக் காட்டியது. வண்டி முக்கியது, முனகியது, நின்றது. டிரெய்லரில் இருந்ததிலேயே கனமான சரக்கு நான்தான். இறங்கித் தள்ளினேன். செருப்புக் கதை அப்போது நடந்ததுதான்.

மேடேறி, நானும் ஏறிக்கொண்டு, மறுபக்கம் சரிவில் இறங்கினால்… குறுக்கே ஒரு ஆட்டு மந்தை! செல்வி பிரேக்கை அழுத்தினாள். வண்டி கீரைக்கட்டு குலுங்காமல் நின்றது. கடைசி ஆடு நிதானமாக எங்களைப் பார்த்துவிட்டுப் போயிற்று. பாயை மனதுக்குள் கும்பிட்டேன். வேகம் வேண்டும் என்று கேட்கிற நாம் யாராவது, என்றைக்காவது, நிற்கத் தெரிய வேண்டும் என்று கேட்டிருக்கிறோமா?

வேங்கிக்கால் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து ஐம்பத்தைந்து. பத்து நிமிஷம் லேட். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் ஆபீஸ் தெருவுக்குள் திரும்பினோம்.

வாசலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள், கையில் பையோடு நின்றிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் என் கணவர். பக்கத்துக் கட்டடத்தில்தான் அவருக்கு வேலை.

"சார்தாங்க எங்களைப் பிடிச்சு வெச்சிருக்காரு" என்றார் ஒரு பெண். "'என் தங்கச்சி வந்துடுவா, இருங்க, வந்துடுவா'ன்னு பத்து நிமிஷமா ஒரே பாட்டு!"

கெடு வைத்தவரே கெடுவைத் தாண்டிக் காத்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. செல்வி அண்ணனைப் பார்க்காமல் வேகவேகமாகக் கீரையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் அழுதுவிடுவாள் என்று அவளுக்கே தெரியும்.

டிரெய்லர் காலியாயிற்று. என் கணவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். புல்லியைத் தொட்டார். பிரேக்கை அழுத்திப் பார்த்தார். பிறகு, சின்னப் பையன் மாதிரி கேட்டார்: "திரும்பிப் போறப்போ நான் ஓட்டட்டுமா?"

"நீ கூடையைப் பிடிச்சுக்கினு பின்னாடி குந்துண்ணா" என்றாள் செல்வி.

ஹேண்டிலை அவள் விட்டுக்கொடுக்கவில்லை. நிலத்தையும்தான்!