மிக்கெலோன் மூடுபனியில் ஏழாம் வாய்பாடு

இன்று காலை என் வேட்டி தனியாக நின்றது. வழக்கமாக வீட்டுக்குள் அடுப்போரம் உலர்த்துவேன். நேற்று வெயில் கண்ட மகிழ்ச்சியில் வெளிக்கொடியில் போட்டுவிட்டேன். எடுக்கப் போனால் பலகைபோல விறைத்திருந்தது. கீழே வைத்தேன், சுவரில் சாய்ந்து, யாருக்கோ காத்திருக்கும் ஆள் மாதிரி நின்றது! பக்கத்து வீட்டு ழொசஃபீன் அம்மாள் வேலிக்கு அப்பாலிருந்து பார்த்துவிட்டு, "முசே, படகு வாங்கிவிட்டீர்களா? பாய் நன்றாக இருக்கிறதே" என்றாள். "இது பாய் இல்லை, இடுப்பில் கட்டுவது" என்றேன். அவள் என் ஒல்லி இடுப்பைப் பார்த்தாள், வேட்டியின் நீளத்தைப் பார்த்தாள், சிலுவை போட்டுக்கொண்டு சிரித்தபடி உள்ளே போய்விட்டாள்.

பாகூரில் இருக்கும் என் மக்களே, சைகோனிலும் மற்ற தீவுகளிலும் பிழைப்புக்காகப் போயிருக்கும் நம்மவர்களே, நான் வாத்தியாராக இருக்கும் மிக்கெலோன், அமெரிக்கக் கரையோரம் வடக்கே கிடக்கும் ஒரு சின்னத் தீவு. நம் புதுச்சேரியில் பறக்கும் அதே பிரெஞ்சுக் கொடிதான் இங்கேயும் பறக்கிறது. அந்தக் கொடியைத் தவிர வேறு எதுவும் ஒத்துப்போகாது. மரங்கள் என் இடுப்பு உயரத்துக்கு மேல் வளர்வதில்லை. மாதக்கணக்கில் தரை வெள்ளையாகவே கிடக்கிறது. கிளம்பும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். "இன்னாடா பனி பனின்றே? மார்கழில நம்ம வூட்டாண்ட கொட்டாத பனியா? தலையில துண்டக் கட்டிக்கினு போ" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. புல் நுனியில் நிற்பதற்கும், கதவைத் திறக்கவிடாமல் வாசலில் குவிந்து கிடப்பதற்கும் நம்மிடம் ஒரே சொல்தானே இருக்கிறது.

முதல் நாள் வகுப்பில் நுழைந்ததும் பிள்ளைகள் என் தலையையே பார்த்தார்கள். ழொசஃபீனின் மகள் மரீ எழுந்து கேட்டாள்: "முசே, நீங்கள் இந்தியர்தானே? இறகுகள் எங்கே?" அவர்களுக்கு இந்தியன் என்றால் அமெரிக்கக் காட்டில் வில்லோடு திரிபவன். இறகை வீட்டில் வைத்துவிட்டு வந்தேன் என்றேன். ஒரு வாரம் வரை நம்பினார்கள்!

அதைவிடப் பெரிய சிக்கல் அவர்களுடைய குரல். குளிர் உள்ளே போய்விடும் என்று பயந்தவர்கள் போல உதட்டைத் திறக்காமலே பேசினார்கள். நம் பாகூர் பக்கத்துச் சோரியாங்குப்பத்தில் நான் பாடம் நடத்திய நாட்களை நினைத்துக்கொண்டேன். அங்கே ஒரு பிள்ளை முன்னால் நின்று "ஈரெண்டு நாலு" என்றால் மற்றவர்கள் கூரை அதிரத் திருப்பிச் சொல்வார்கள். கரும்பு வெட்டிக்கொண்டிருக்கும் என் அப்பாவுக்குக் கொல்லைவரை கேட்கும். "இன்னிக்கு ஆறாம் வாய்பாட்டுல திக்கித் திக்கி நின்னுட்டானுங்களே, இன்னாபா?" என்று சாயங்காலம் கேட்பார். அதே முறையை இங்கேயும் தொடங்கினேன். மரீ அதையே பிரெஞ்சில் "தூ ஃபுவா தூ, காத்ர்" என்று முன்சொல்ல, மற்றவர்கள் கத்த, ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ழொசஃபீனுக்குத் தலைவலி தாங்கவில்லை. பள்ளிக்கே வந்துவிட்டாள். "முசே, இது பள்ளிக்கூடமா, மீன் சந்தையா? இன்னொரு முறை கேட்டால் மேயரிடம் சொல்லி உங்களைக் கப்பல் ஏற்றிவிடுவேன்." மேயர் அவளுடைய அண்ணன். அன்றிலிருந்து நாங்கள் மெதுவாகப் படித்தோம்.

போன ஆனி மாதத்தில் ஒரு நாள், பகலிலேயே கடலிலிருந்து மூடுபனி எழுந்து வந்தது. பள்ளி வாசலில் நின்ற எனக்கு எதிரில் இருந்த மாதா கோயில் தெரியவில்லை. ஊர் ஆண்கள் எல்லோரும் சின்னப் படகுகளில் மீன்பிடிக்கப் போயிருந்தார்கள். ழொசஃபீனின் கணவன் யானும் போயிருந்தான். கரையின் இரு பக்கமும் பாறைகள். நடுவில் உள்ள மணல்திட்டில்தான் படகு ஏற முடியும். இப்படிப்பட்ட நேரத்தில் கோயில் மணியை அடிப்பார்கள். அந்த மணி விரிசல் விட்டுப் பழுதுபார்க்கப் போயிருந்தது. கிழவர்கள் மாறி மாறிக் கொம்பு ஊதினார்கள். மூச்சு வாங்கியது, ஓசை பனிக்குள் கரைந்துபோனது. ழொசஃபீன் முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் தண்ணீரை வெறித்துக்கொண்டு நின்றாள்.

எனக்குக் கரும்புக் கொல்லை ஞாபகம் வந்தது. வகுப்பு முழுவதையும் மணல்திட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்தேன். "மரீ, முன்சொல்! மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்துங்கள்!" ழொசஃபீன் திரும்பி என்னைப் பார்த்தாள். பிள்ளைகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். இரண்டாம் வாய்பாடு போனது, மூன்று, நான்கு போயின. கடலிலிருந்து பதில் இல்லை. ஆறாம் வாய்பாட்டில் சிறியவர்களின் குரல் கம்மியது. நானும் சேர்ந்து கத்தினேன். ஏழாவது தொடங்கியதும் மரீ அழ ஆரம்பித்துவிட்டாள். அழுதுகொண்டே சொன்னாள். ஏழெட்டு எவ்வளவு என்பது அவளுக்கு என்றைக்குமே வராது.

"செத் ஃபுவா வீத், சேங்காந்த்-காத்ர்!" என்றாள். ஐம்பத்து நாலு. எல்லோரும் அப்படியே அந்தத் தவறைத் திருப்பிக் கத்தினார்கள்.

பனிக்குள்ளிருந்து ஒரு கரகரத்த குரல் சீறியது: "சேங்காந்த்-சீஸ்! ஐம்பத்தாறு, கழுதை!"

"பப்பா!" என்று மரீ தண்ணீருக்குள் ஓடினாள். யானின் படகு முதலில் மணலைத் தொட்டது. அவன் பின்னால் ஒவ்வொன்றாக எல்லாப் படகுகளும் வந்தன. "கொம்புச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே பிடிபடவில்லை, முசே. இவள் தப்பாகச் சொன்னது மட்டும் நேராகக் காதில் விழுந்தது" என்றான் யான், மகளைத் தூக்கிக்கொண்டு. நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தோம், அழுதோம். நான் தமிழில் என்னென்னவோ கத்தினேன். யாரும் அர்த்தம் கேட்கவில்லை.

மறுநாள் குரல் போய்விட்ட பிள்ளைகளை எழுத்து வேலையில் உட்காரவைத்தேன். ஜன்னலில் தட்டும் ஓசை கேட்டது. ழொசஃபீன். "ஏன் முசே, இன்று பள்ளிக்கூடம் இல்லையா? ஒரு சத்தத்தையும் காணோமே?"

நேற்று மரீ ஒரு கேள்வி கேட்டாள். வகுப்புச் சுவரில் உலகப் படம் மாட்டியிருக்கிறது. "உங்கள் வீடு எங்கே, முசே?" பாகூர் அதில் இல்லை. புதுச்சேரி ஒரு புள்ளியாக இருக்கிறது. அதன்மேல் வலது கை விரலை வைத்தேன். "அப்படியென்றால் நம் ஊர்?" என்றாள். இடது கையை எட்டி மிக்கெலோன்மேல் வைத்தேன். படம் பெரியது, இரண்டு கையும் முழுக்க நீண்டுவிட்டன. மூக்குக்கு நேரே ஆப்பிரிக்காவின் பாலைவனம், மஞ்சளாக. பின்னால் பிள்ளைகள் பாடத்துக்குக் காத்திருந்தார்கள். சுண்ணக்கட்டி எடுக்க ஒரு கை வேண்டும். எந்தக் கையை எடுப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.