எட்டு இதழ்ப் பூ

இன்று காலை பழைய கிளினிக் அட்டையைத் திறந்தேன். உள்ளே வருஷக்கணக்காகக் காய்ந்து கிடக்கும் பூவிலிருந்து ஓர் இதழ் கழன்று மடியில் விழுந்தது. மகள் உயர்தரக் கணக்குப் பரீட்சை எழுதப் பதுளைக்கு பஸ் ஏறி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. இன்றைக்குப் பார்த்தா இது உதிர வேண்டும்? எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் நான். மழை பெய்தால் நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண்மேடு சரியுமோ என்று பயம். பெய்யாவிட்டால் தேயிலைக் கொழுந்து குறைந்து வேலை நாள் போய்விடுமோ என்று பயம்.

அந்தப் பூவை அட்டைக்குள் வைத்தவர் என் மதினி, அண்ணன் மனைவி. வயதில் என்னைவிட ஆறு மாதம் இளையவர். ஆனாலும் முறை முறைதானே? நான் வாங்க, போங்க என்பேன். அவர் "நாத்தனாரே" என்று இழுத்துக் கூப்பிட்டுவிட்டு நீ, வா என்று பேசுவார். நமுனுகுல மலைச்சரிவில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்தோம். அவர் கை இலையில் இருந்தாலும் கண் வேலியோரப் பூவில்தான் இருக்கும். நந்தியாவட்டையின் ஐந்து இதழும் காற்றாடி மாதிரி ஒரே பக்கம் திரும்பியிருப்பதை எனக்குக் காட்டியவர் அவர்தான். "எந்த மரத்துல பார்த்தாலும் ஒரே பக்கம்தான் திரும்புது, பாரு. யாரு சொல்லிக் குடுத்தா?" என்பார். எனக்கு அதெல்லாம் ஏறாது. கவலைப்படவே நேரம் போதாது.

அவர் அந்தப் பூவை வைத்த வருஷம் நான் மூன்றாம் தடவை உண்டாகியிருந்தேன். முன்னிரண்டும் தங்கவில்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள். கிளினிக்கில் சொல்வது பாதி புரியாது, திருப்பிக் கேட்கக் கூச்சம். அதனால் பூவிடம் கேட்டேன். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகிற ரோட்டின் இரண்டு பக்கமும் ஊதாவும் வெள்ளையுமாக மெல்லிய காம்பில் ஒரு பூ ஆடிக்கொண்டு நிற்கும். நாங்கள் ரோட்டுப் பூ என்போம். தினமும் விடிகாலையில் ஒன்றைப் பறித்து, "தங்கும், தங்காது" என்று இதழ் இதழாகப் பிய்ப்பேன். ஒவ்வொரு நாளும் கடைசி இதழ் "தங்காது" என்றே முடியும். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் தட்டிவிடலாம். மாதக்கணக்கில் அதே பதில். தங்காத பிள்ளைக்காக எதற்கு மலையிறங்கி நடக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. கிளினிக்குக்குப் போவதை நிறுத்தினேன். கால் வீங்கியதையும் யாரிடமும் சொல்லவில்லை.

மறுபடி கிளினிக் நாள் வந்தது. பகல் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்து ஒரு பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். மதினி பின்னால் வந்து நின்றது தெரியாது.

"என்னா நாத்தனாரே, கிளினிக்குப் போகாம பூவோட பஞ்சாயத்தா?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. சரசரவென்று பத்துப் பூ பறித்து வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து விரித்து, வரிசையாக அடுக்கினார். "எண்ணு" என்றார். எண்ணினேன். எட்டு. அடுத்ததும் எட்டு. அதற்கடுத்ததும் எட்டு. ஒன்றில் மட்டும் ஏழு. "இங்க பாருங்க மதினி!" என்றேன். அவர் அதைக் கையில் வாங்கி நகத்தால் தொட்டுக் காட்டினார். "பூச்சி தின்னுருக்கு. இதழோட அடி இருக்கு பாரு. இதுவும் எட்டுதான்."

எனக்கு இன்னும் விளங்கவில்லை. மதினி தலையில் அடித்துக்கொண்டார். "அடி மக்கு, 'தங்கும்'னு ஆரம்பிச்சா எட்டாவது 'தங்காது'ன்னுதானே வரும்? நூறு வருஷம் பிச்சாலும் அதுதான் வரும். அந்தப் பூவுக்கு உன் வயித்தப் பத்தி என்னா தெரியும்?"

சாக்கில் கிடந்த பூக்களை மறுபடி ஒரு தடவை எண்ணினேன். பிறகு மெதுவாக, "அப்ப நந்தியாவட்டையில பார்த்தா?" என்று கேட்டேன். மதினி விழுந்து விழுந்து சிரித்தார். "அது அஞ்சு. எப்பவும் 'தங்கும்'தான். அதைக் கேட்டுட்டும் கிளினிக்குப் போகாமத்தான் கிடப்ப. எந்திரி!"

கங்காணியிடம் அவரே சொல்லிவிட்டு, பாதி நாள் வேலையையும் விட்டு என்னை இழுத்துக்கொண்டு போனார். பிரஷர் ஏறியிருந்தது. அன்றைக்கே பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வேனில் ஏறும்போது என் அட்டைக்குள் முழுப் பூ ஒன்றை வைத்து, "இதைப் பிய்க்காத. சும்மா பாரு, அழகா இருக்கு" என்றார். வார்டில் படுத்திருந்த நாளெல்லாம் அதைத்தான் பார்த்தேன். எட்டு இதழும் நடுவில் மஞ்சளைச் சுற்றி ஒன்றையொன்று தள்ளாமல் இடம் பிடித்திருந்தன. எத்தனை தடவை பிய்த்துப் போட்டேன், ஒரு தடவையாவது பார்த்தேனா?

மகள் குறைமாதத்தில் பிறந்தாள். தங்கினாள்.

போன மாதம் அவள் தண்ணி பிடிக்கிற பீலிக் குழாய்க்குப் பக்கத்தில் பூத்த சூரியகாந்தியை மடியில் வைத்துக்கொண்டு, விதை வரிசைகளைப் பேனாவால் குறித்து எண்ணினாள். ஒரு பக்கம் சுழல்வது முப்பத்து நான்கு, மறுபக்கம் சுழல்வது ஐம்பத்தைந்து. மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று என்று முந்தின இரண்டு எண்ணையும் கூட்டிக் கூட்டி அடுத்ததற்குப் போனால் அந்த எண்களெல்லாம் வருமாம். எல்லாப் பூவும் அந்த வரிசைக்குள் அடங்காதாம்; ஆனால் நிறையப் பூ அடங்குமாம். ஒவ்வொரு விதையும் இருக்கிற இடத்தில் நெருக்கியடிக்காமல் உட்காருவதற்கான வழியாம் அது. நெருக்கியடித்துக் கிடக்கும் எங்கள் லயத்தைக் கட்டிய வெள்ளைக்காரத் துரைக்கு இது தெரிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். "எட்டும் அந்த வரிசையில இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். "இருக்கும்மா" என்றாள்.

மதினி இப்போது கொஸ்லந்தப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். விழுந்த இதழை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவருக்குப் போன் போட்டேன். "மதினி, ஏழாயிருச்சு" என்றேன். என்ன, ஏது என்று அவர் கேட்கவில்லை.

"அடி இருக்கா பாரு, நாத்தனாரே."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். மஞ்சள் பழுப்பாகிவிட்ட நடுவோரத்தில், மயிரளவு, அடி இருந்தது.

"இருக்கு மதினி. எட்டுதான்."

"பிறகென்னா? புள்ள வந்ததும் போன் போடச் சொல்லு" என்று வைத்துவிட்டார். இதழை அதன் இடத்திலேயே சேர்த்து வைத்து அட்டையை மூடினேன். அடுப்பைப் பற்ற வைக்க எழுந்தேன். பரீட்சை முடிந்து வருகிறவளுக்குப் பசிக்கும்.