மதமில்லை, ஒலிவேரியு

தபாலில் வந்த உறை தடியாக இருந்தது. நேலியா அதைப் பிரிப்பதற்கு முன்பே தியோலிந்தாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. நிரந்தரக் குடியிருப்பு அட்டை வருகிற உறை மெலிசாக இருக்கும், விரலால் தடவினால் உள்ளே அட்டையின் விளிம்பு தட்டுப்படும். இது அனுப்பிய விண்ணப்பமே அப்படியே திரும்பி வந்த கனம். இரண்டாவது முறை.

"அதே காரணந்தாம்மா," என்றாள் நேலியா. "போட்டோல தலை தெரியணுமாம். துணியைக் கழட்டிட்டு எடுத்து அனுப்பச் சொல்றாங்க."

"முகம் தெரியலையா அவங்களுக்கு?"

"முகம் தெரியுது. தலைதான் தெரியல."

"என் தலையை வச்சு அவங்க என்ன பண்ணப் போறாங்க? முடி எண்ணப் போறாங்களா?"

நேலியா மேசையில் தாள்களைப் பரப்பிக்கொண்டு தாடையைத் தாங்கி உட்கார்ந்தாள். பல் மருத்துவரிடம் வரவேற்பில் வேலை பார்ப்பவள், நாள் முழுக்க அடுத்தவர்களின் படிவங்களை நிரப்பிவிட்டு வந்தவள். "இங்க பாரும்மா. மதக் காரணத்துக்காகப் போட்டிருந்தா விட்டுடுவாங்க. ஒரே ஒரு வரி. 'இது என் மத வழக்கம்'னு எழுதிக் கையெழுத்துப் போடு. முடிஞ்சுது. யாரும் வந்து பாக்கப் போறதில்ல."

தியோலிந்தா அடுப்பிலிருந்த முட்டைக்கோஸ் சூப்பைக் கிளறிவிட்டுத் திரும்பினாள். தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்ட கறுப்புத் துணியைத் தொட்டுக் காட்டினாள்.

"இது மதமில்ல. இது ஒலிவேரியு."

நேலியா தாள்களை உறைக்குள் திரும்பச் செருகினாள். அப்பாவின் பெயர் வந்துவிட்டால் அந்த வீட்டில் வாக்குவாதம் அங்கேயே நின்றுவிடும்.

அவர்கள் ஊரான, போர்ச்சுகலின் சாவ் மிகேல் தீவில் கணவன் இறந்தால் பெண் கறுப்புக் கட்டுவாள். எத்தனை காலம் என்று எந்தப் பாதிரியாரும் சொல்வதில்லை, எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவளுக்கே தெரியும். சிலருக்கு ஒரு வருடம், சிலருக்கு உயிர் போகும்வரை. டொரொண்டோவில் பிறந்த பெண்கள் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். தியோலிந்தா அவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

பத்தொன்பது வயதில் இந்த நகரத்துக்கு வந்தவள் அவள். ஒலிவேரியு நிலத்தடி ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தான். அவள் வந்த மாதமே கண்ணாடிக் கோபுரங்களில் துடைக்கும் வேலைக்குப் போய்விட்டாள். அங்கே மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தார். தீவிலிருந்து வந்த எல்லாப் பெண்களையும் 'மரியா' என்றே கூப்பிடுவார். மரியா, இந்த மாடி. மரியா, அந்தக் குப்பை. பாதிப் பேருக்கு நிஜமாகவே அந்தப் பெயர்தான் என்பதால் அவருக்கு வேலை சுலபமாக நடந்தது. தியோலிந்தா மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. கத்தினார், கேட்கவில்லை. முன்னால் வந்து நின்று கூப்பிட்டார், அவரைச் சுற்றித் துடைத்தாள். வேலையை விட்டு நீக்குவேன் என்றார். "யாரை நீக்குவீங்க? பேர் சொல்லுங்க," என்றாள். மூன்றாவது வாரம் அந்த மனிதர் மின்தூக்கி வாசலில் நின்றுகொண்டு, நாக்கு புரள, "தி-யோ-லிந்-தா" என்றார். "சொல்லுங்க சார்," என்று உடனே திரும்பினாள்.

இவ்வளவு பிடிவாதக்காரி ஏன் நாற்பது வருடத்துக்கும் மேலாக இந்த நாட்டின் குடியுரிமை வாங்கவில்லை என்று நேலியா கேட்காத நாளில்லை. பதில் அந்தத் தெருவுக்கே பொதுவானது. ஒலிவேரியு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், "அடுத்த வருஷம் ஊருக்கே போயிடுவோம்," என்று கோப்பையை உயர்த்துவான். பக்கத்து வீட்டுக்காரனும் எதிர்வீட்டுக்காரனும் அதையே சொல்லி உயர்த்துவார்கள். தீவில் வீடு கட்டினார்கள், கோடைக்கு ஓர் அறையாக. போகப் போகிறவன் இங்கே எதற்குக் குடிமகனாக வேண்டும்? கடைசியில் ஊர் வீட்டுக்கு மாடிப்படியும் வைத்து முடித்த வருடம், ஒலிவேரியு டொரொண்டோவிலேயே செத்துப்போனான். இங்கேயே மண்ணுக்குள் போனான். அவள் கையில் மிஞ்சியது ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அந்த அட்டை. அதுவும் காலாவதியாகிவிட்டது.

அப்படியே வீட்டில் கிடந்தால் ஒன்றுமில்லை. ஆனால் ஊரில் அவன் பெயர் விழுந்துவிட்டது.

தீவில் ஈஸ்டருக்குப் பின் வரும் ஏழு ஞாயிறுகளும் பரிசுத்த ஆவியின் ஞாயிறுகள். வெள்ளிக் கிரீடம் வாரத்துக்கு ஒரு வீட்டில் தங்கும், ஞாயிறன்று கோவிலில் அந்த வீட்டுக்காரர் தலையில் வைப்பார்கள். அந்த வீட்டார் ஊருக்கெல்லாம் சூப்பும் இறைச்சியும் இனிப்பு ரொட்டியும் போட வேண்டும். யார் வீடு என்பது முந்தின வருடமே பையில் சீட்டுப் போட்டு எடுப்பது. ஒலிவேரியு தம்பி மூலமாக வருடா வருடம் பெயர் கொடுத்தான், ஒருமுறைகூட விழவில்லை. அவன் செத்த நான்காவது மாதம் விழுந்தது. பையிலிருந்து அவன் பெயரை எடுக்க யாருக்கும் மனம் வராமல் விட்டுவைத்திருந்தார்களாம்.

"ஏழாவது ஞாயிறு," என்று தொலைபேசியில் அழுதான் கொழுந்தன். "அண்ணி, நீங்க வரலேன்னா அடுத்த பேருக்குப் போயிடும். யாரும் தப்பாச் சொல்ல மாட்டாங்க."

"வரேன்," என்றாள் தியோலிந்தா.

நேலியா கணக்குப் போட்டாள். போவதில் சிக்கலில்லை, போர்ச்சுகல் பாஸ்போர்ட் இருக்கிறது. திரும்பும்போது செல்லுபடியாகும் அட்டை இல்லாமல் டொரொண்டோ விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அங்கிருந்து தூதரகத்துக்கு எழுதி, காத்திருந்து, அவர்கள் கேட்கிற தாளெல்லாம் கொடுத்து... வருடக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்களை அவளுக்குத் தெரியும்.

"அம்மா, துணியை ரெண்டு நிமிஷம் கழட்டு. படம் எடுக்கட்டும். திரும்பக் கட்டிக்கோ. அப்பா கோவிச்சுக்கவா போறார்?"

"அவர் கோவிச்சுக்க மாட்டார். அதனாலதான் கழட்ட மாட்டேன்."

"உன் பேரக் குழந்தை இங்க இருக்கு. அப்பா கல்லறை இங்க இருக்கு. நீ அங்கயே மாட்டிக்கிட்டா?"

"அப்போ நீந்தி வரேன்."

நீந்த வேண்டியிருக்கவில்லை. அமெரிக்காவில், ஃபால் ரிவர் ஊரில் சித்தப்பா மகன் குவால்த்தர் இருந்தான். தீவுக்காரர்கள் பாதிப் பேர் அந்த ஊரில்தான் இருக்கிறார்கள். அவன் தொலைபேசியில் ஒரேயடியாகக் கூவினான். "அக்கா! தீவிலேருந்து பாஸ்டனுக்கு நேரா விமானம் இருக்கு. போர்ச்சுகல் பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்கா விசா வேணாம், கம்ப்யூட்டர்ல ஒரு அனுமதி போதும். நான் வந்து கூட்டிட்டுப் போறேன். எல்லைப் பாலம் வரைக்கும் என் கார்ல போவோம். தரை வழியா சொந்தக் கார்ல போனா அட்டை இல்லேன்னு தடுத்து நிறுத்துறதுக்கு அங்க விமானக் கம்பெனி கிடையாது. நேரா அதிகாரிகிட்டயே பேசிக்கலாம்."

"நீ வக்கீலாடா?"

"நான் மீன் ஆலைல ஃபோர்மேன். ஆனா எங்க தெருவுல இப்படி மூணு பேர் போயிருக்காங்க."

"மூணு பேரும் போய்ச் சேந்தாங்களா?"

"ரெண்டு பேரு போனாங்க. ஒருத்தன் பாலத்துல அதிகாரியத் திட்டிட்டான். நீ திட்டாதே."

தியோலிந்தா போனாள். ஒலிவேரியு கட்டிய வீட்டின் கூடத்தில், வெள்ளைத் துணி விரித்த படிக்கட்டு மேடையில், மெழுகுவர்த்திகளுக்கு நடுவே கிரீடம் ஒரு வாரம் இருந்தது. தினமும் மாலையில் ஊர் வந்து ஜெபமாலை சொல்லிவிட்டு, வைன் குடித்துவிட்டுப் போனது. ஞாயிறு கோவிலில் பாதிரியார் கிரீடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்தார். கறுப்புத் துணியைப் பார்த்துத் தயங்கினார். துணியின் மேலேயே வைக்கலாமா என்று அவர் யோசிப்பதற்குள், தியோலிந்தா தானே தாடைக்குக் கீழே கை கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தாள். துணியை நாலாக மடித்து இடுப்புப் பட்டைக்குள் செருகினாள். வெள்ளி அவள் நரைமுடியில் நேராக உட்கார்ந்தது. ஒலிவேரியு தலையில் இருந்திருக்க வேண்டியது. கொழுந்தனின் மகள் அதைக் கைபேசியில் படம் எடுத்துக் குவால்த்தருக்கும் அனுப்பினாள். கிரீடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கோவில் வாசல்படியில் நின்று மறுபடி துணியைக் கட்டிக்கொண்ட பிறகுதான் ஊர்க்காரர்களோடு பேசினாள்.

அந்தப் படம்தான் பாலத்தில் வினையானது.

குவால்த்தரின் கார் அமெரிக்கப் பக்கத்தைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, சாவடிக்கு வந்தபோது வெயில் காய்ந்தது. அதிகாரி இளைஞர். காலாவதியான அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், காரை ஓரம் கட்டச் சொன்னார். உள்ளே ஒரு நீண்ட அறை, வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். முதலில் சாமான்களைப் பார்த்தார்கள். இனிப்பு ரொட்டி இரண்டும் தப்பித்தன. குவால்த்தரின் மனைவி சொல்லாமல் பெட்டிக்குள் வைத்துவிட்டிருந்த மிளகாய்ச் சாசேஜ் பிடிபட்டுக் குப்பைத்தொட்டிக்குப் போனது. குவால்த்தர் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அட்டையில இருக்கற படத்துல தலைல துணி இல்ல," என்றார் அதிகாரி. "நீங்கதானான்னு பாக்கணும். தயவுசெஞ்சு அதைக் கழட்டுங்கம்மா."

"மூக்கு அதே மூக்கு. பாருங்க."

"மத காரணமாம்மா?"

நேலியா இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பாள். ஒரு வார்த்தை, ஆமாம் என்று தலையாட்டினால் போதும்.

"இல்ல," என்றாள் தியோலிந்தா. "என் வீட்டுக்காரர் செத்துப்போயிட்டார்."

அதிகாரியின் முகம் கொஞ்சம் இளகியது. அந்த நேரம் பார்த்துக் குவால்த்தர் உதவிக்கு வந்தான். "சார், எங்க அக்கா சும்மா ஊர் சுத்தப் போகல சார். திருவிழாவுக்குப் போனாங்க. இந்தப் படத்தைப் பாருங்க, கிரீடம் வச்சிருக்காங்க!" என்று கைபேசியை நீட்டிவிட்டான்.

அதிகாரி படத்தைப் பார்த்தார். தியோலிந்தாவைப் பார்த்தார். "இதுல கழட்டியிருக்கீங்களே?"

"ஆமா."

"அப்போ கழட்டலாம், இல்லையா?"

"அது பரிசுத்த ஆவி. அவருக்குக் கழட்டினேன். நீங்க யாரு?"

குவால்த்தர் கண்ணை மூடிக்கொண்டான். திட்டாதே என்று சொல்லித்தான் கூட்டி வந்தான். இது திட்டு இல்லை. திட்டாக இருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

அதிகாரி அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வரவில்லை. வெளியே லாரிகள் உறுமிக்கொண்டு நகர்ந்தன. "கழட்டிடுக்கா," என்று கெஞ்சினான் குவால்த்தர். "இங்க உன்னை யாருக்குத் தெரியும்? நான் வேணா அந்தப் பக்கம் திரும்பிக்கறேன்." தியோலிந்தா கைகளை ரொட்டிப் பொட்டலத்தின் அடியில் வைத்துக்கொண்டாள். திருப்பி அனுப்பினால் எங்கே போவது? தீவு வீட்டில் மாடிப்படி இருக்கிறது, ஏறிப் போனால் யாரும் இல்லை. பேரன் வளர்ந்து, போனில் வெறும் குரலாகிவிடுவான். டொரொண்டோக் கல்லறையில் ஒலிவேரியுவின் கல்லை யார் துடைப்பார்கள்? நேலியா துடைப்பாள், மூலைகளை விட்டுவிடுவாள்.

முடிச்சுக்குக் கை போனது. இறுக்கிவிட்டுத் திரும்பி வந்தது.

கடைசியில் வந்தது ஒரு பெண் அதிகாரி. வயதானவர், கண்ணாடி நெற்றியில். தியோலிந்தாவின் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எந்த வருடம் வந்தீர்கள், எந்த விமான நிலையம், யார் வரவேற்க வந்தார்கள், எங்கே வேலை, எந்தத் தெரு என்று கேட்டார். தியோலிந்தா சொன்னாள். அந்த விமான நிலையத்தில் ஒலிவேரியு சுரங்கச் சேறு காயாத பூட்ஸோடு வந்து நின்றதைச் சொன்னாள். துடைத்த கோபுரங்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"நான் உள்ள விடலேன்னா என்ன பண்ணுவீங்க?"

"இங்கயே உக்காந்திருப்பேன்." தியோலிந்தா நாற்காலியின் அடிப்பக்கத்தில் ஒரு விரலை ஓட்டி எடுத்துக் காட்டினாள். "வேலையும் இருக்கு. இங்க யாரு துடைக்கறா? அடியில தொடவே இல்ல."

பெண் அதிகாரி அந்த விரலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கண்ணாடியை இறக்கி, அட்டையை அவள் கன்னத்துக்கு அருகே பிடித்துப் பார்த்தார். இளைஞரிடம் திரும்பி, "முகம் முழுசாத் தெரியுது. உனக்கு வேற என்ன தெரியணும்?" என்றார். அட்டையைத் தியோலிந்தாவின் கையில் வைத்தார். "தேதி முடிஞ்சது அட்டைக்குத்தான், உங்களுக்கில்ல. நீங்க நிரந்தரக் குடியிருப்பாளர், இந்த வாசல்ல உங்களைத் திருப்பி அனுப்ப எனக்குக் காரணமில்ல. ஆனா அந்தப் போட்டோ விஷயம் வேற அலுவலகம், என்னால ஒண்ணும் பண்ண முடியாது. புது அட்டை வர்ற வரைக்கும் விமானத்துல ஏத்த மாட்டாங்க, ஞாபகம் வச்சுக்கோங்க."

"எதுக்கு விமானம்?" என்றாள் தியோலிந்தா எழுந்து, துணியின் முடிச்சைச் சரிசெய்துகொண்டு. "அடுத்த தடவையும் இப்படியே வரேன். இந்த ரோடு நல்லாத்தான் இருக்கு."

"ஓட்டறது யாரு?" என்றான் குவால்த்தர்.

அவள் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டாள்.